எட்டு மணி நேரத்தின் விலை

பொன்னமராவதி பேருந்து நிலையத்தை ஒட்டிய எந்த மெடிக்கலில் கேட்டாலும் 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை கிடைக்கும். 15 மாத்திரை கொண்ட ஓர் அட்டை 30 ரூபாயைச் சுற்றி, அதாவது மாத்திரைக்கு 2 ரூபாய். 500 மில்லிகிராம் மாத்திரை அதைவிட மலிவு. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசே இல்லை. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு ‘எச்’ என்றொரு அட்டவணை இருக்கிறது. பாராசிட்டமால் அதில் இல்லாததால் கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை.

1,000 பேருக்கு மேல் இல்லாத கிராமங்களில் மருந்து உரிமம் இல்லாத கடைகூட இதை விற்கலாம் என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் சொல்கின்றன. விதிகளோடு உள்ள ‘கே’ அட்டவணையில் வீட்டு மருந்துகள் என்ற பகுதியில் ஆஸ்பிரின், கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய் இவற்றோடு பாராசிட்டமாலும் இருக்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு: பிரிக்காத அசல் உறையோடுதான் விற்க வேண்டும். பெட்டிக்கடையில் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை கொடுக்கும்போது அந்த நிபந்தனை போய்விடுகிறது. வெட்டிய துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்தின் பெயரில் பாதி ஒரு துண்டிலும் மீதி இன்னொரு துண்டிலும் இருக்கும். 500-ஆ 650-ஆ என்ற எண் அட்டையின் ஓரத்தோடு போயிருக்கும், காலாவதித் தேதி யாரிடமோ இருக்கும். வாங்கியவர் கையில் மிஞ்சுவது வெள்ளை மாத்திரை இரண்டு மட்டும்.

பாராசிட்டமால் நல்ல மருந்து. அளவோடு எடுத்தால் இதைவிடப் பாதுகாப்பான வலி மருந்து நம் வீடுகளில் இல்லை. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் மருத்துவர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். அளவு மீறினால் இதே மருந்து கல்லீரலைக் கொல்லும். அந்த நஞ்சை முறிக்க நல்ல மருந்து 1970களிலிருந்தே இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறத்தாழ எல்லாரையும் காப்பாற்றும். இந்தக் கட்டுரை அந்த எட்டு மணி நேரத்தின் வரவு செலவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை மாத்திரை விழுங்கினால் ஆபத்து என்ற எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும்: எடை, பட்டினி, குடிப்பழக்கம், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைக் கீழே இழுக்கும். வீட்டுக்குத் தேவையான எண் வேறு. அது ஒரு நாளின் உச்சவரம்பு. அதைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால் உடம்பு எப்படி இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த வரம்பு, திடமான வளர்ந்த ஆளுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 500 முதல் 1,000, இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எடையை வைத்துத்தான் கணக்கு: கிலோவுக்கு ஒரு வேளை 15 மில்லிகிராம், நாளுக்கு 60 மில்லிகிராம். நம் பகுதியில் களை எடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்களில் 45 கிலோவுக்கு மேல் தேறாதவர்கள் ஏராளம். 45 கிலோவுக்கு 60 வீதம் பெருக்கினால் 2,700 மில்லிகிராம். 650 மாத்திரை நான்கு போட்டால் 2,600. நாலு மாத்திரையோடு அவருடைய ஒரு நாள் கணக்கு முடிந்துவிடுகிறது.

இனி அதே பெண்ணுக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் சளியும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன நடக்கும் என்று எழுதிப் பார்க்கலாம். இது நான் போட்ட மாதிரிக் கணக்கு, ஆனால் எந்த வரியும் நடக்காததல்ல.

காய்ச்சலுக்கு 650 மாத்திரை, நாலு வேளை: 2,600
மூட்டுவலிக்கு அசெக்ளோபெனாக்கோடு 325 பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை, இரு வேளை: 650
சளிக்கு 500 பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை, மூன்று வேளை: 1,500
நாள் மொத்தம்: 4,750 மில்லிகிராம்

அவருடைய வரம்பு 2,700, போனது 4,750. ஒன்றே முக்கால் மடங்கு. மூன்று மாத்திரைக்கும் மூன்று பெயர், மூன்று நிறம். ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தார், ஒன்று பழைய சீட்டில் மிச்சமிருந்தது, ஒன்று பக்கத்து வீட்டில் வாங்கியது. மூன்றுக்குள்ளும் ஒரே மருந்துதான் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் இப்படிப் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாலைந்து நாள் தொடர்ந்தால், அதுவும் காய்ச்சலில் சோறு இறங்காமல் கஞ்சித் தண்ணியோடு கிடக்கும் உடம்பில் தொடர்ந்தால், ஆபத்து உண்மையானது. அமெரிக்காவில் திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் ஏறத்தாழ பாதி பாராசிட்டமாலால் வருகிறது. அப்படி வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வேண்டுமென்று எடுத்தவர்கள் அல்லர், வலிக்கும் காய்ச்சலுக்கும் கணக்குத் தெரியாமல் கூட்டிப் போட்டவர்கள். அமெரிக்க மருந்துத் துறை 2011 ஜனவரியில் சீட்டு மருந்துக் கலவை மாத்திரைகளில் பாராசிட்டமாலை 325 மில்லிகிராமுக்குமேல் சேர்க்கக் கூடாது என்று சொன்னது இதனால்தான்.

குழந்தைகளின் கணக்கு இதைவிடக் கூர்மையானது. பாட்டில் மாறினால் அளவு மாறுகிறது. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்று போட்டிருந்தால் 6 மில்லி கொடுக்க வேண்டும். 5 மில்லிக்கு 250 என்றிருந்தால் 3 மில்லி போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும், அதற்கு 1.5 மில்லி. போன மாதம் சிரப்பில் 6 மில்லி கொடுத்துப் பழகிய தாய், இந்த மாதம் கையில் கிடைத்த சொட்டு மருந்தை அதே மூடியில் 6 மில்லி ஊற்றிக் கொடுத்தால் 600 மில்லிகிராம் போகிறது, நாலு மடங்கு. பாட்டிலின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனியின் பெயர், அளவு சின்ன எழுத்தில் கீழே இருக்கிறது. டீஸ்பூன் கணக்கு வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோ போதும். கடையில் வாங்கும்போதே குழந்தையின் எடையைச் சொல்லி எத்தனை மில்லி என்று கேட்டு, பாட்டில் மேலேயே பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

மருந்து உள்ளே போனபின் கல்லீரலில் நடப்பது இது. விழுங்கியதில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 90 சதவீதத்தை, கல்லீரல் கேடில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. 5 முதல் 10 சதவீதம் மட்டும் வேறு வழியில் போய் ஒரு நச்சுப் பொருளாகிறது. அதை அடக்க கல்லீரலில் குளுட்டாதயோன் என்ற பொருள் எப்போதும் கையிருப்பில் உண்டு. வரம்புக்குள் எடுத்தால் கையிருப்பு வற்றாது. அளவு மீறும்போது முதல் வழி நிரம்பி வழிந்து, நச்சு வழியில் போகும் பங்கு கூடுகிறது. குளுட்டாதயோன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் நச்சு நேரே கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. நாள்தோறும் குடிப்பவர், பட்டினி கிடந்தவர், ஊட்டம் குறைந்தவர் ஆகியோருக்குக் கையிருப்பே குறைவு. காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவருக்கும், வலிப்புக்கு பெனிட்டாயின், கார்பமசெபைன் எடுப்பவருக்கும் நச்சு வழி ஏற்கெனவே அகலமாகத் திறந்திருக்கலாம். அவர்கள் பாராசிட்டமால் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. டெங்கு வந்தவரின் கல்லீரல் முன்பே காயப்பட்டிருக்கும், காய்ச்சல் இறங்கவில்லையே என்று இரண்டு இரண்டாகப் போடுவது அங்கே மிகத் தவறு.

இந்த மருந்தின் நச்சில் மனிதரை ஏமாற்றும் ஒரு குணம் இருக்கிறது. முதல் 24 மணி நேரம் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் குமட்டல், சிலருக்கு வாந்தி, சிலருக்கு அதுவும் இல்லை. எழுந்து நடப்பார், பேசுவார், டீ குடிப்பார். ‘நல்லாத்தானே இருக்கா, எதுக்கு ஆஸ்பத்திரி’ என்று வீட்டில் பேச்சு வரும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கும், இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறும். கேடு உச்சத்துக்குப் போவது மூன்றாம், நான்காம் நாளில். மஞ்சள் காமாலை, இரத்தம் உறையாமை, நினைவு தடுமாற்றம் எல்லாம் அப்போதுதான். காப்பாற்றும் நேரம் முதல் நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

முறிவு மருந்தின் பெயர் என்-அசிட்டைல் சிஸ்டீன், மருத்துவமனையில் என்.ஏ.சி. என்பார்கள். சளியை இளக்கத் தரும் அதே மருந்துதான். குளுட்டாதயோன் செய்யக் கல்லீரலுக்கு வேண்டிய மூலப்பொருளை இது கொண்டுபோய்க் கொடுக்கிறது. பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும் என்று 1966இல் பிரிட்டனிலிருந்து முதல் குறிப்புகள் வந்தன. எப்படிக் கெடுக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1973இல் விளக்கினார்கள். 1970களின் பிற்பகுதியில் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட்டும் அவருடைய குழுவும் என்.ஏ.சி.யை நரம்பில் ஏற்றிக் காப்பாற்றிக் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது, இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் இருக்கிறது.

அளவைப் பார்ப்போம். நரம்பில் ஏற்றும் பழைய முறையில் மூன்று கட்டம். முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அடுத்த 4 மணி நேரத்தில் 50, அதன்பின் 16 மணி நேரத்தில் 100. மொத்தம் கிலோவுக்கு 300 மில்லிகிராம், 21 மணி நேரம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால் 9 கிராம், 3 கிராம், 6 கிராம், கூட்டினால் 18 கிராம். ஊசி மருந்து மில்லிக்கு 200 மில்லிகிராம் செறிவில் வருகிறது. 5 மில்லி ஆம்பூல் ஒன்றில் 1 கிராம், ஆக 18 ஆம்பூல். அவற்றை முறையே 200, 500, 1,000 மில்லி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஏற்றுகிறார்கள். வார்டில் பார்த்தால் அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டில் நான்கு, டிரிப்ஸ் செட், ஒரு கட்டில், பக்கத்தில் ஒரு செவிலியர். இவ்வளவுதான். 45 கிலோ பெண்ணுக்கு 13.5 கிராம், உடைத்த ஆம்பூலில் மிச்சம் வீணானால்கூட 15 ஆம்பூலுக்குள் முடிந்துவிடும்.

விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஆம்பூல் 100 ரூபாய் என்று வைத்தால் 18க்கு 1,800 ரூபாய், 200 என்று வைத்தால் 3,600. அரசு மருத்துவமனையில் நோயாளி இதில் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. இந்தச் சிகிச்சை தவறிக் கல்லீரல் முழுதும் போய்விட்டால் மிஞ்சும் வழி கல்லீரல் மாற்று. தனியார் மருத்துவமனையில் அதற்கு 20 லட்சம் ரூபாயும் அதற்குமேலும் ஆகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 5 லட்சம். அந்த அட்டை கிடைக்க ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கல்லீரல் மாற்று செய்யும் அரசு மருத்துவமனைகளில் ஒன்று சென்னை ஸ்டான்லி, பொன்னமராவதியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கொடையாளரும் பொருந்தி வர வேண்டும், அதுவும் நாலைந்து நாளுக்குள். 3,600 ரூபாய்க்கும் 20 லட்சத்துக்கும் இடையே 550 மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது முதல் நாள் எப்போது டிரிப்ஸ் ஏற ஆரம்பித்தது என்ற ஒரே கேள்வி.

நரம்பு வழி இல்லாவிட்டால் வாய் வழியும் உண்டு. முதலில் கிலோவுக்கு 140 மில்லிகிராம், பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 70 வீதம் 17 வேளை. 60 கிலோவுக்கு முதல் வேளை 8,400, பின் ஒவ்வொரு வேளையும் 4,200, மொத்தம் 79,800 மில்லிகிராம். சளிக்கு விற்கும் 600 மில்லிகிராம் நுரை மாத்திரையில் எண்ணினால் 133. முதல் வேளைக்கே 14 மாத்திரையைக் கரைக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் மருந்து அது. ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருப்பவர் வாந்தி எடுப்பார், எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் இரவு பகலாக இதைச் செய்யச் செவிலியர் வேண்டும், இரத்தப் பரிசோதனை வேண்டும். வீட்டில் செய்யும் வேலையல்ல. ஆனால் ஊசி மருந்து இல்லாத ஒரு மருத்துவமனை, மேலே அனுப்புமுன் முதல் வேளையை வாய்வழி கொடுத்து அனுப்பினால் வழியில் போகும் நேரம் வீணாகாது. அமெரிக்காவில் 2,540 பேரைப் பார்த்து 1988இல் வந்த பெரிய ஆய்வு வாய்வழி முறையைத்தான் ஆராய்ந்தது. 8 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களுக்குப் பலன் மிக நன்றாக இருந்தது, அதற்குமேல் தாமதம் ஏற ஏறக் கல்லீரல் பாதிப்பும் ஏறியது.

இப்போது ஊரின் நேரக் கணக்கு. இரவு 9 மணிக்கு அளவு மீறிப் போனது என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் பாராசிட்டமால் அளவைப் பார்த்து முடிவெடுக்க 4 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அதாவது நள்ளிரவு 1 மணி. 1975இல் ரூமாக், மாத்யூ இருவரும் வரைந்த வரைபடத்தின் அடிப்படையில் இன்று பயன்படும் கோட்டின்படி 4ஆம் மணியில் மில்லிக்கு 150 மைக்ரோகிராமைத் தொட்டால் சிகிச்சை. அந்தக் கோடு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும்: 8ஆம் மணியில் 75, 12ஆம் மணியில் 37.5. எட்டு மணி நேரம் முடிவது விடியற்காலை 5 மணிக்கு. ஆனால் வீட்டில் பெரும்பாலும் தெரிய வருவது காலையில்தான், 7 மணிக்கு. அதற்குள் பத்து மணி நேரம் போயிற்று.

பொன்னமராவதியில் வலையபட்டி பாப்பாயி ஆச்சி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே 7.30க்கு வந்து, 7.45க்கு டிரிப்ஸ் ஏறினால் பத்தே முக்கால் மணி நேரம். மேலே அனுப்ப வேண்டுமென்றால் புதுக்கோட்டை முள்ளூரில் 2017இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 108 ஆம்புலன்ஸ் வர, ஏற்ற, ஓட்ட, இறக்க, சீட்டுப் போட, மருத்துவர் பார்க்க என்று கூட்டினால் டிரிப்ஸ் ஏறக் காலை 10 மணி ஆகிவிடும், பதின்மூன்று மணி நேரம். மதுரைக்கும் திருச்சிக்கும் இரு மடங்கு தூரம். எட்டு மணி நேரம் தாண்டிவிட்டால் மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை, முதலில் என்.ஏ.சி.யைத் தொடங்கிவிட்டுப் பிறகு முடிவைப் பார்க்கிறார்கள். பாராசிட்டமால் அளவைப் பார்க்கும் வசதி எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. அது இல்லை என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. எட்டைத் தாண்டி வந்தவருக்கும், ஏன், கல்லீரல் கெட ஆரம்பித்தவருக்கும்கூட என்.ஏ.சி. பலன் தரும். குறைவாகத் தரும் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் என்.ஏ.சி. இருப்பில் இருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. இரண்டு பேருக்கு என்று வைத்தால் 36 ஆம்பூல். 200 ரூபாய் வீதம் 7,200 ரூபாய். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, உலகம் பாராட்டிய கொள்முதல் முறை அது. அதன் கணக்கில் 7,200 ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. மருந்து வீணாகவும் போகாது. வேறு நஞ்சுகளால் கல்லீரல் கெட்டு வருவோருக்கும் தமிழ்நாட்டு மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள்.

இப்படிக் கணக்குப் போட்டு முடிவெடுத்ததற்கு நமக்கு மிக அருகில் உதாரணம் இருக்கிறது, இலங்கை. அங்கே அரசு மருத்துவமனைகளில் அதிகம் பார்க்கும் நச்சுப் பாதிப்புகளில் பாராசிட்டமால் ஒன்று. முறிவு மருந்து இரண்டு வழக்கத்தில் இருந்தது: மெதியோனின் மாத்திரை, என்.ஏ.சி. ஊசி. மெதியோனின் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 2.5 கிராம் வீதம் நாலு வேளை, மொத்தமே 10 கிராம், வாயால் விழுங்குவது, விலை மிகக் குறைவு. கொழும்புத் தேசிய மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் செலவை எடுத்து, பேராசிரியர் ஷாலினி ஸ்ரீரங்கநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து மணி நேரத்துக்குள் வந்தவருக்கு இரண்டும் ஒரே பலன் தருவதால் மெதியோனின் போதும், செலவு குறைவு. 10 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு என்.ஏ.சி.தான் கூடுதலாக உயிர் காக்கிறது, கூடுதலாகக் காக்கும் ஓர் உயிருக்கு 3,16,182 இலங்கை ரூபாய். ஓர் உயிருக்கு அந்த நாடு தாங்கக்கூடிய செலவு என்று அவர்கள் வைத்த வரம்பு 15,37,120 ரூபாய். ஆகிற செலவு அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

ஓர் உயிருக்கு விலை போடுவதா என்று மனம் சுருங்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கின் பயன் இரக்கத்துக்கு எதிரானது அல்ல. தாமதமாக வந்தவருக்கு விலை கூடிய மருந்து கொடுப்பது வீண் என்று யாரும் சொல்ல முடியாதபடி அது எண்ணோடு நிறுவியது. எல்லாருக்கும் விலை கூடிய மருந்தே வேண்டும் என்பதும் தேவையில்லை என்று காட்டியது. இதற்கு மறுபக்கம் பிரிட்டனில் நடந்தது. 2012இல் அங்கே சிகிச்சைக் கோட்டை 4ஆம் மணியில் 100க்கு இறக்கினார்கள், ஆயிரக்கணக்கானோர் கூடுதலாக டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார்கள். அப்படிக் கூடுதலாகத் தடுக்கும் ஒரு சாவுக்கு 1 கோடியே 74 லட்சம் பவுண்டு ஆகிறது என்று பின்னால் கணக்கிட்டார்கள். பணக்கார நாட்டின் விதியை அப்படியே எடுத்து வந்து நம் வார்டில் ஒட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு இரண்டு. எடின்பரோ மருத்துவர்கள் 21 மணி நேர முறையைச் சுருக்கி 12 மணி நேரமாக்கினார்கள்: 2 மணி நேரத்தில் கிலோவுக்கு 100, அடுத்த 10 மணி நேரத்தில் 200. மொத்த மருந்து அதே 300. 2014இல் வந்த முடிவில், பழைய முறையில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு வந்த ஒவ்வாமை போன்ற எதிர்வினை புது முறையில் 5 சதவீதமாக இறங்கியது, வாந்தியும் பாதியளவு குறைந்தது. கட்டில் 9 மணி நேரம் முன்னதாகக் காலியாகிறது. ஒரே செவிலியர் முப்பது பேரைப் பார்க்கும் வார்டில் அந்த 9 மணி நேரத்தின் மதிப்பு என்ன என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று கடைக் கணக்கு. 1998 செப்டம்பர் முதல் பிரிட்டனில் மருந்துக் கடையில் ஒரு முறைக்கு 32 மாத்திரை, மற்றக் கடைகளில் 16 என்று பெட்டியின் அளவைச் சட்டம் குறைத்தது. கீத் ஹாட்டன் குழு 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, அதன்பின் 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாராசிட்டமால் சாவுகள் 43 சதவீதம் குறைந்தன, 765 உயிர்கள். கல்லீரல் மாற்றுக்குப் பதிவு செய்தவர்கள் 61 சதவீதம் குறைந்தார்கள். ஒரு பெட்டியின் அளவை மாற்றியதற்கு இவ்வளவு பலன். மனம் உடைந்த ஒரு நேரத்தில் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே பல உயிர்களைத் தீர்மானிக்கிறது. கோவிட் காலத்தில் வாங்கிக் குவித்த அட்டைகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. ஓர் அட்டைக்குமேல் வீட்டில் வேண்டியதில்லை. மிச்சத்தைக் கழித்துவிடலாம்.

வேண்டுமென்றே எடுத்தவரின் வீட்டில் தாமதத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்து நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லும், அது நடைமுறை. அதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. அந்தப் பிள்ளையை அப்போது திட்டாதீர்கள், காரணம் கேட்டுக் குடையாதீர்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள், பேச்சு பிறகு.

உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் புது ஆபத்து. மருத்துவமனையில் ஒரு மணி நேரத்துக்குள் வந்தவருக்கு வளர்ந்தவர் என்றால் 50 கிராம் கரித்தூளைக் கரைத்துக் கொடுப்பார்கள், அது வேறு, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவை மூன்று: எடுத்த மாத்திரையின் காலி அட்டையோ பாட்டிலோ, எத்தனை மணிக்கு எடுத்தார் என்ற நேரம், அவர் வழக்கமாகச் சாப்பிடும் மற்ற மருந்துகள்.

குழந்தையோ பெரியவரோ, தெரியாமலோ தெரிந்தோ, வரம்பைத் தாண்டி எடுத்துவிட்டார் என்று தெரிந்த அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். நஞ்சு பற்றிச் சந்தேகம் கேட்க டெல்லி எய்ம்ஸ் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மனம் தாங்காத நேரத்தில் பேச 104, அல்லது டெலிமானஸ் 14416. இரவு எந்நேரமும் எடுப்பார்கள்.